எந்த வீட்டில் தேநீர்?

2025 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், வயலும் காடுமாகக் கிடக்கும் நார்ஃபோக் பகுதியில், சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி. இரண்டு நாள் முன்புதான் வாஷிங்டனில், வெள்ளை மாளிகையில், அத்தனை கேமராக்களுக்கு முன்னால் அமெரிக்க அதிபர் டிரம்புக்கும் அவருக்கும் காரசாரமான மோதல். பேச்சு பாதியில் முறிந்து, மதியச் சாப்பாடுகூட இல்லாமல் அங்கிருந்து கிளம்பியிருந்தார். இங்கோ மன்னர் சார்ல்ஸ் வாசலுக்கே வந்து கைகொடுத்து உள்ளே அழைத்துப் போனார். ஏறக்குறைய ஒரு மணி நேரம், தேநீரோடு பேச்சு. என்ன பேசினார்கள் என்று அரண்மனை சொல்லவில்லை. வாசலில் எடுத்த படமே போதுமானதாக இருந்தது.

இதில் இன்னொரு சுவாரசியம். அதே வாரம் வியாழக்கிழமை, பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து டிரம்பிடம் நீட்டியிருந்தார். மன்னர் கையெழுத்திட்ட அழைப்பு. அரசு முறைப் பயணம் பின்னால் இருக்கட்டும். அதற்கு முன் ஸ்காட்லாந்தில் பால்மோரலிலோ டம்ஃப்ரீஸ் மாளிகையிலோ சந்திக்கலாமே என்று கடிதம் சொன்னது. ஒருவருக்கு ஸ்காட்லாந்து, ஒருவருக்கு சாண்ட்ரிங்ஹாம். மூன்றே நாள் இடைவெளியில் இரு தரப்புக்கும் வீட்டுக் கதவைத் திறந்து காட்டியாகிவிட்டது.

பிரிட்டிஷ் மன்னர் அரசியல் பேசக் கூடாது. போரில் நியாயம் யார் பக்கம் என்று அவர் வாய் திறந்தால் அன்றைக்கே பெரிய பிரச்சினை வெடிக்கும். யாரைச் சந்திப்பது என்பதைக்கூட அரசாங்கத்தின் யோசனைப்படிதான் செய்கிறார். ஆனால் வந்தவரை எங்கே உட்கார வைப்பது என்பதில் நிறைய சொல்லிவிடலாம். திண்ணையோடு பேசி அனுப்பும் ஆளுக்கும், கூடத்தில் உட்கார வைத்து ‘கை நனைக்காமப் போகக் கூடாது’ என்று மறிக்கும் விருந்தாளிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் திண்ணையும் கூடமும் ஒரே கூரையின் கீழ் இல்லை, நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அவ்வளவுதான் வேறுபாடு.

எழுபது ஆண்டு அரியணையில் இருந்த எலிசபெத் ராணியின் வருடம் ஏறக்குறைய பஞ்சாங்கம் போல நகர்ந்தது. வார நாட்கள் லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை. வெள்ளி மாலை விண்ட்சர் கோட்டை. ஈஸ்டரை ஒட்டி ஒரு மாதம் முழுக்க விண்ட்சர். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ ஒரு வாரம் எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனை. ஆகஸ்டும் செப்டம்பரும் பால்மோரல். கிறிஸ்துமஸுக்கு சாண்ட்ரிங்ஹாம், அங்கேயே பிப்ரவரி 6 வரை. அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. 1952இல் அதே நாளில் அதே மாளிகையில்தான் அவருடைய தந்தை ஆறாம் ஜார்ஜ் தூக்கத்தில் இறந்தார். மகள் ராணியானதும் அந்த நாளில்தான். பட்டமேற்ற நாளைக் கொண்டாட லண்டன் போகாமல், அப்பா போன வீட்டிலேயே அவர் அதைக் கழித்தார்.

வீடு மாறினாலும் வேலை மாறாது. அரசாங்கக் காகிதங்கள் அடைத்த சிவப்புத் தோல் பெட்டி எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னாலேயே வந்துவிடும். கோடை வந்ததும் மதராஸ் அரசாங்கம் கோப்புகளோடு ஊட்டிக்கு மலையேறியதே, அந்தப் பழக்கத்துக்கு அண்ணன் தம்பி முறைதான் இது.

இந்த வீடுகளில் உலகமே அறிந்தது பக்கிங்ஹாம். அறைகள் 775. அரசு விழாக்களுக்கான பெரிய அறைகள் 19, அரச குடும்பமும் விருந்தினரும் தங்கும் படுக்கையறைகள் 52, ஊழியர்களுக்கு 188, அலுவலக அறைகள் 92, குளியலறைகள் 78. கணக்கை இன்னொரு முறை பாருங்கள். குடும்பமும் விருந்தாளிகளும் சேர்ந்து தங்கும் அறைகளைவிட அலுவலக அறைகள்தான் அதிகம். அரண்மனை என்று பெயர்ப் பலகை மாட்டிய தலைமைச் செயலகம் என்று சொன்னால் தப்பாகாது.

இதை வீடாக விரும்பிய ஆட்களே குறைவு. 1761இல் மூன்றாம் ஜார்ஜ் தன் மனைவி சார்லட்டுக்காக வாங்கியபோது அது வெறும் பக்கிங்ஹாம் இல்லம். அவர் மகன் நான்காம் ஜார்ஜ், ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அதை அரண்மனையாக இழுத்துக் கட்டினார். குடிபோகும் முன்பே செத்தும் போனார். முதன்முதலில் இங்கே குடிவந்த ஆட்சியாளர் 1837இல் விக்டோரியா. குடும்பம் பெருகவே இடம் போதவில்லை. பிரைட்டன் கடற்கரையில் இருந்த அரச மாளிகையை 1850இல் அந்த ஊருக்கே விற்று, அந்தப் பணத்தையும் போட்டு முன்பக்கத்தில் ஒரு புதிய பகுதியை எழுப்பினார்கள். இன்று திருமணம் என்றாலும் முடிசூட்டு விழா என்றாலும் குடும்பம் வரிசையாக நின்று கையசைக்கிறதே, அந்தப் புகழ்பெற்ற பால்கனி அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆறாம் ஜார்ஜ் குண்டுக்கு அஞ்சாமல் பக்கிங்ஹாமிலேயே இருந்தார் என்பது பிரிட்டிஷ்காரர்கள் பெருமையோடு சொல்லும் கதை. 1940 செப்டம்பரில் அரண்மனை மீது குண்டு விழுந்தபோது மன்னரும் ராணியும் உள்ளேதான் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் இரவானால் பெரும்பாலும் விண்ட்சருக்குப் போய்த் தூங்கினார்கள் என்பதும் உண்மை. மக்கள் பார்க்கும் வீடு ஒன்று, தலை சாய்க்கும் வீடு இன்னொன்று. எலிசபெத்தும் பட்டத்துக்கு வந்த பிறகு, தான் அதுவரை குடியிருந்த கிளாரன்ஸ் ஹவுஸிலேயே இருந்துவிடத்தான் ஆசைப்பட்டார். பிரதமர் சர்ச்சில் விடவில்லை. ராணி என்றால் பக்கிங்ஹாமில்தான் என்றார். எழுபது ஆண்டுகள் கழித்து அவர் மகன் அந்த ஆசையைத் தனக்காக நிறைவேற்றிக்கொண்டார். சார்ல்ஸ் பட்டத்துக்கு வந்த பின்னும் லண்டனில் குடியிருப்பது 2003 முதல் தான் வசித்துவரும் கிளாரன்ஸ் ஹவுஸில்தான். காலையில் அங்கிருந்து கிளம்பி நடக்கும் தூரத்தில் இருக்கும் பக்கிங்ஹாமுக்கு ‘வேலைக்கு’ப் போகிறார்.

வேறு நாடுகளிலும் இதே கதைதான். மாட்ரிட் நகரின் அரண்மனையில் மூவாயிரத்துக்கும் அதிகமான அறைகள். ஸ்பெயின் அரச குடும்பமோ ஊருக்கு வெளியே சார்சுவேலாவில், அதைவிடப் பல மடங்கு சின்ன மாளிகையில் குடியிருக்கிறது. நெதர்லாந்து மன்னர் வசிப்பது ஒரு அரண்மனை, அலுவலகம் இன்னொன்று, ஆம்ஸ்டர்டாமில் விருந்துக்கென்று மூன்றாவது.

பக்கிங்ஹாமில் ராஜா தூங்காததற்கு இப்போதைக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. வீடு முழுக்க மராமத்து. 1950களில் போட்ட மின்கம்பிகள். காலம் கடந்த பாய்லர்கள். தீப்பிடிக்கலாம், வெள்ளம் வரலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்ததன் பேரில் 2017இல் வேலை தொடங்கியது. பத்தாண்டுத் திட்டம், செலவு 36.9 கோடி பவுண்டு. மாற்ற வேண்டிய மின்கம்பி 100 மைல், குழாய் 20 மைல், பிளக் பாயின்டுகள் 6,500, ரேடியேட்டர்கள் 2,500. சொந்தமாக ஒரு பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றியவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் வலி புரியும். இந்தச் செலவுக்காகவே அரச குடும்பத்துக்குக் கருவூலம் தரும் ஆண்டு மானியத்தைக் கூட்டினார்கள். 2024-25இல் 8.63 கோடி பவுண்டாக இருந்த தொகை அடுத்த ஆண்டு 13.21 கோடியானது. உயர்ந்த பங்கு மராமத்துக்குத்தான் என்று அரண்மனை விளக்கியது. ஊர் வாய் அவ்வளவு லேசில் மூடவில்லை.

மராமத்து நடந்தாலும் வேலை நடக்கிறது. கோடையில் தோட்டத்து விருந்துகள் வழக்கம் போல. பக்கிங்ஹாமிலும் ஹோலிரூடிலும் ஒவ்வொரு விருந்துக்கும் எட்டாயிரம் பேர் வரை வருவார்கள். செவிலியர், தபால்காரர், ஊர்த் தொண்டு செய்பவர், பள்ளி ஆசிரியர் என்று யார் யாரோ. ஒரு பிற்பகலில் சுமார் 27,000 கோப்பைத் தேநீர், 20,000 சாண்ட்விச், 20,000 துண்டு கேக் காலியாகும். மன்னரோடு பேச வாய்க்கிறவர்கள் சிலரே. ஆனால் தொப்பியும் கோட்டுமாகப் புல்வெளியில் நின்று எடுத்த படம் அந்தக் குடும்பங்களின் சுவரில் தலைமுறைக்கும் தொங்கும்.

அழையாமல் வந்தவர்களும் உண்டு. விக்டோரியா காலத்தில் ஒரு சிறுவன் மறுபடி மறுபடி உள்ளே புகுந்து, ஒரு முறை ராணியின் அறையில் சோபாவுக்கு அடியில் பிடிபட்டான். 1982இல் ஒரு வேலையில்லா இளைஞர் மதிலேறிக் குதித்து எலிசபெத்தின் படுக்கையறைக்கே போய்விட்டார். 775 அறைகளில் சரியான அறையை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் பலருக்கும் ஆச்சரியம்.

விண்ட்சரின் கதை வேறு. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் அதற்குச் சில ஆண்டுகளில் தேம்ஸ் கரையில் மண்ணை மேடாக்கிக் கட்டத் தொடங்கிய கோட்டை இது. ஆள் குடியிருக்கும் கோட்டைகளில் உலகத்திலேயே பழையதும் பெரியதும் இதுதான். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். 1917இல், ஜெர்மனியோடு போர் நடக்கும்போது ஜெர்மானியப் பெயரை வைத்துக்கொண்டிருப்பது சங்கடமாகி, ஐந்தாம் ஜார்ஜ் தன் குலப்பெயரையே இந்த ஊர்ப் பெயராக மாற்றிக்கொண்டார். ஊர்ப் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் தமிழர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

நவீன முடியாட்சி தன் வீடுகளைப் பயன்படுத்தும் விதமே மாறியது இந்தக் கோட்டையில் பிடித்த தீயால்தான். 1992 நவம்பர் 20. விக்டோரியாவின் தனி வழிபாட்டு அறையில் ஒரு விளக்கின் சூடு திரைச்சீலையில் பற்றியது. 15 மணி நேரம் எரிந்து 115 அறைகள் சேதம். அதிலும் ஒரு அதிர்ஷ்டம்: மின்கம்பி மாற்றும் வேலைக்காகப் பல அறைகளில் இருந்த ஓவியங்களை முன்பே எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தார்கள். மிச்சத்தை ஊழியர்களும் படைவீரர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். கலைச்செல்வத்தில் போனவை ஒரு பெரிய ஓவியமும் ஒரு மர அலமாரியும் மட்டும்தான்.

தீயை அணைத்த பிறகுதான் உண்மையான புகைச்சல் கிளம்பியது. கோட்டைக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. அரசாங்கமே கட்டிக்கொடுக்கும் என்று அமைச்சர் ஒருவர் அவசரப்பட்டு அறிவித்துவிட்டார். பொருளாதார மந்தத்தில் வேலை போய், வீட்டுக் கடன் கட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்த ஜனங்களுக்குச் சுள்ளென்று ஏறியது. வீடு அவருடையது என்றால் அவர் கட்டட்டும், நாட்டுடையது என்றால் நாங்கள் ஏன் உள்ளே போக முடியாது? பதில் சொல்லமுடியாத கேள்வி. அந்தக் கேள்விக்கு அரண்மனை கண்ட பதில், கோடையில் ராணி ஸ்காட்லாந்து போயிருக்கும் வாரங்களில் பக்கிங்ஹாமை டிக்கெட் போட்டுத் திறந்துவிடுவது. 1993இல் தொடங்கியது. விண்ட்சரைச் சரிசெய்ய ஆன 3.65 கோடி பவுண்டில் சுமார் 70 சதவீதம் அந்த டிக்கெட் வருமானத்திலிருந்தே வந்தது. தீப்பிடித்து சரியாக ஐந்து ஆண்டு நிறைந்த நாளில் வேலை முடிந்தது. அதே 1993இல் ராணி வருமான வரி கட்டவும் தொடங்கினார். பக்கிங்ஹாமைத் திறந்துவிடும் வழக்கம் அதன் பிறகு நிலைத்துவிட்டது. 2024இல் பால்கனிக்குப் பின்னால் இருக்கும் அறைகளையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பக்கிங்ஹாம் மராமத்தில் இருப்பதால் 2025இல் பெரிய விருந்தினர்கள் விண்ட்சருக்கு வந்தார்கள். ஜூலையில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், செப்டம்பரில் டிரம்ப். பால்மோரல் சந்திப்பு கடைசியில் நடக்கவில்லை. நேராகக் கோட்டை விருந்துதான். அந்த விருந்து மேசையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்கு ஒரே மேசை. 160 பேர் இருபுறமும் உட்காரலாம். மேசை அலங்கரிப்பு பல நாள் வேலை. ஒவ்வொருவர் முன்னாலும் ஆறு கண்ணாடிக் கோப்பைகள். தட்டுக்கும் கத்திக்கும் இடைவெளி, நாற்காலிக்கும் மேசைக்கும் இடைவெளி எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். விருந்துக்கு முன் ஆட்சியாளரே வந்து ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கம். பரிமாறுபவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைப்பது எப்படி என்று வியக்க வேண்டாம். நாற்சந்தியில் இருப்பது போல மறைவாகச் சிக்னல் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒரு நிறம் எரிந்தால் தயாராக நில், இன்னொரு நிறம் எரிந்தால் போ. ஆயிரம் ஆண்டுப் பழைமை என்று விருந்தாளி மயங்கும் காட்சியை ஒரு பல்பு இயக்குகிறது.

வீடு பேசும் என்றால் சில சமயம் தப்பாகவும் பேசும். 2023 பிப்ரவரி 27 அன்று வட அயர்லாந்து வர்த்தகம் தொடர்பாகப் பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனும் விண்ட்சர் அருகே ஹோட்டல் ஒன்றில் உடன்பாடு கண்டார்கள். ‘விண்ட்சர் ஏற்பாடு’ என்று பெயரும் வைத்தார்கள். அன்றே உர்சுலா கோட்டைக்குப் போய் மன்னரோடு தேநீர் அருந்தினார். இத்தனை நாள் சண்டையிட்ட விஷயத்துக்கு மன்னரின் முத்திரையைக் குத்தப் பார்க்கிறார்கள் என்று பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் வட அயர்லாந்தின் யூனியனிஸ்டுகள் கொதித்துவிட்டார்கள். அரசாங்கத்தின் யோசனைப்படி நடந்த சந்திப்பு என்று அரண்மனை விளக்க வேண்டியதாயிற்று. அதே தேநீரை லண்டனில் வேறொரு நாள் கொடுத்திருந்தால் செய்தித்தாளில் நாலு வரிகூட வந்திருக்காது.

பால்மோரல் ஓய்வுக்கான இடம் என்றுதான் பெயர். லண்டனிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வடக்கே, மலையும் ஆறும் குளிருமான இடம். விக்டோரியாவுக்காக அவர் கணவர் ஆல்பர்ட் 1852இல் வாங்கினார். பழைய வீடு சிறியது என்று புதுக் கோட்டையே கட்டினார்கள். சுமார் 50,000 ஏக்கர். மான் வேட்டை, மீன்பிடி, நாய்கள், நடை. எலிசபெத்தின் கணவர் பிலிப் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்ட, ராணி தட்டுக் கழுவினார் என்று இங்கே தங்கிப்போன பிரதமர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஓய்வு வீட்டின் வரவேற்பறைக்குள் அரசியல் சாசனமே சில தடவை நுழைந்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் 28 அன்று மூத்த அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக் இன்னும் இரண்டு பேரோடு விமானமேறி பால்மோரலுக்கு வந்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்ஸிட் குழப்பம் உச்சத்தில் இருந்த சமயம். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்க ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது பிரதமர் போரிஸ் ஜான்சனின் யோசனை. அதற்காகக் கூடியது மன்னராலோசனைக் குழு. அது கூடும்போது யாரும் உட்கார மாட்டார்கள், நின்றபடியேதான் கூட்டம். கூட்டம் நீளாமல் இருக்க இதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. ராணி ஒப்புதல் தந்தார். மறுக்கும் இடத்தில் அவர் இல்லை. செப்டம்பர் 24 அன்று அந்த முடக்கமே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து இன்னொரு செப்டம்பர். 2022 செப்டம்பர் 6. புதுப் பிரதமரை நியமிப்பது பக்கிங்ஹாமில் நடக்கும் சடங்கு. ராணிக்கு 96 வயது, நடமாட்டம் சிரமம். ஆகவே போகிற பிரதமரும் வருகிற பிரதமரும் தனித்தனியே ஸ்காட்லாந்துக்கு விமானத்தில் வந்தார்கள். அன்று எடுத்த படம் பலருக்கும் நினைவிருக்கும். கணப்பில் தீ எரிகிறது. பச்சைச் சோபாக்கள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் கட்டம் போட்ட பாவாடையுமாக, ஒரு கையில் ஊன்றுகோலோடு, புதுப் பிரதமர் லிஸ் டிரஸ்ஸுக்குக் கைகொடுக்கிறார் ராணி. கையின் மேற்புறத்தில் நீலம் பாரித்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து அதே வீட்டில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் நேரம் பிற்பகல் 3.10, காரணம், முதுமை.

அடுத்த வாரம் முழுக்க வீடுகளின் ஊர்வலம்தான். உடல் பால்மோரலிலிருந்து ஹோலிரூட் போய், பக்கிங்ஹாம் வந்து, விண்ட்சரில் அடக்கமானது. புது மன்னர் லண்டன், எடின்பரோ, வட அயர்லாந்து என்று சுற்றினார். வட அயர்லாந்தில் இருக்கும் ஹில்ஸ்பரோ கோட்டையில் வருகையேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா மையைக் கக்கி, மன்னர் பொறுமையிழந்ததை உலகமே பார்த்தது. வேல்ஸுக்கும் போனார். ஆனால் ஐக்கிய ராஜ்யத்தின் நான்கு பகுதிகளில் அதிகாரபூர்வ அரச இல்லம் இல்லாதது வேல்ஸ் மட்டும்தான். கார்டிஃப் கோட்டையில் கூட்டம் நடத்திக்கொண்டார்கள்.

மன்னர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைக் கொடி சொல்லும். உள்ளே காலெடுத்து வைத்ததும் அரசக் கொடி ஏறும், கிளம்பியதும் இறங்கும். அது அரைக் கம்பத்தில் பறப்பதே இல்லை. ஒருவர் இறந்த கணமே அடுத்தவர் மன்னர் என்பதால். 1997இல் இந்த விதியே வினையானது. சார்ல்ஸின் முன்னாள் மனைவி டயானா பாரிஸில் இறந்தபோது ராணி பால்மோரலில் இருந்தார். ஆகவே லண்டன் அரண்மனையில் கம்பம் வெறுமனே நின்றது. விதிப்படி அது சரி. வாசலில் மலை மலையாகப் பூங்கொத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்த ஜனங்களுக்கு விதி தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. நாளுக்கு நாள் கோபம் ஏற, ராணி லண்டன் திரும்பினார். இறுதிச் சடங்கு நாளில் பிரிட்டிஷ் தேசியக் கொடி அரைக் கம்பத்தில் ஏறியது. அன்றிலிருந்து மன்னர் இல்லாதபோதும் பக்கிங்ஹாம் கம்பம் காலியாக இருப்பதில்லை, தேசியக் கொடி பறக்கிறது.

இத்தனை வீடும் யாருக்குச் சொந்தம்? பக்கிங்ஹாமையும் விண்ட்சரையும் மன்னர் விற்க முடியாது. ஆட்சியில் இருக்கும்வரை அவர் பொறுப்பில் இருக்கும் நாட்டுச் சொத்து. பால்மோரலும் சாண்ட்ரிங்ஹாமும் குடும்பத்தின் தனிச் சொத்து. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் காதலுக்காக முடியைத் துறந்தபோது இந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது. முடி தானாகவே தம்பிக்குப் போனது. பக்கிங்ஹாமும் விண்ட்சரும் கூடவே போயின. பால்மோரலும் சாண்ட்ரிங்ஹாமும் போகவில்லை, அப்பா எழுதிவைத்தபடி அண்ணனுக்கே. தம்பி ஜார்ஜ் அண்ணனிடம் காசு கொடுத்து அவற்றை வாங்க வேண்டியிருந்தது. பாகப்பிரிவினை ராஜ வீட்டையும் விடுவதில்லை. இன்று மன்னரிடமிருந்து மன்னருக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி கிடையாது, 1993இல் செய்துகொண்ட ஏற்பாடு அது. சாதாரண பிரிட்டிஷ்காரர் வரம்புக்கு மேல் 40 சதவீதம் கட்டுகிறார்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, கிரவுன் எஸ்டேட். மன்னரின் பெயரில் இருக்கிறது, லாபம் கருவூலத்துக்குப் போகிறது. விண்ட்சர் பூங்காவில் இருக்கும் ராயல் லாட்ஜ் அந்த வகை. 2003இல் சார்ல்ஸின் தம்பி ஆண்ட்ரூ அதை 75 ஆண்டு குத்தகைக்கு எடுத்தார். பத்து லட்சம் பவுண்டும் பழுதுபார்க்கப் பல லட்சமும் முன்பே போட்டதால், வாடகை என்று ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே ஒரு மிளகு, அதுவும் கேட்டால் மட்டும். பெயருக்கு ஒரு வாடகை என்பதைக் குறிக்க ஆங்கிலேயச் சட்டம் மிளகைச் சொல்வது பழைய வழக்கம். ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகத் தங்கம் கொடுத்து நம் பக்கத்துக் கடற்கரையில் வாங்கிப்போன சரக்கு, சட்டப் புத்தகத்தில் ஒன்றுமில்லாததற்குப் பெயராகிவிட்டது. அமெரிக்கப் பாலியல் குற்றவாளி எப்ஸ்டீனோடு ஆண்ட்ரூவுக்கு இருந்த தொடர்பு பற்றிய விவகாரம் முற்றி, 2025 அக்டோபரில் இந்த மிளகும் பத்திரிகைகளில் வெளிவந்தபோது நாடே கொந்தளித்தது. மாத இறுதியில் மன்னர் தன் தம்பியின் பட்டங்களைப் பறித்து, வீட்டையும் ஒப்படைக்கச் சொன்னார். தம்பி போகப்போகும் இடம் சாண்ட்ரிங்ஹாம் என்றும், செலவு மன்னரின் சொந்தப் பணம் என்றும் செய்தி வந்தது. அங்கே என்றால் வரி கட்டுபவர் கேள்வி கேட்க முடியாது.

சாண்ட்ரிங்ஹாம் எப்போதுமே தன் விருப்பப்படி நடந்த வீடு. 1862இல், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆகப்போகும் இளவரசருக்காக வாங்கியது. வேட்டைக்கு வெளிச்சம் போதவில்லை என்று அவர் எஸ்டேட்டின் எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி முன்னால் தள்ளிவைத்தார். நாடு ஒரு நேரத்தில், சாண்ட்ரிங்ஹாம் இன்னொரு நேரத்தில். ஐந்தாம் ஜார்ஜும் அப்படியே தொடர்ந்தார். 1936 ஜனவரி 20 இரவு அவர் இறந்ததும், புது மன்னர் எட்டாம் எட்வர்ட் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று கடிகாரங்களைச் சரியான நேரத்துக்குத் திருப்புவது. அதே வீட்டில் ஒரு சிறிய அறையிலிருந்துதான் 1932இல் முதல் கிறிஸ்துமஸ் வானொலி உரை போனது. 1957இல் முதல் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி உரையும் இந்த வீட்டிலிருந்துதான்.

2025 ஜூலை 24 அன்று இந்தியப் பிரதமர் மோடி வந்ததும் இங்கேதான். பிரதமர் ஸ்டார்மரோடு வர்த்தக ஒப்பந்தம் முடிந்தது. அதன் பிறகு சாண்ட்ரிங்ஹாமில் மன்னரோடு சந்திப்பு. தாயின் பெயரில் ஒரு மரம் என்ற தன் திட்டத்தின்படி மோடி ஒரு மரக்கன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சொனோமா வகை டவ் மரம். பூக்கும்போது கிளையெங்கும் வெள்ளைக் கைக்குட்டை தொங்கவிட்டது போல இருக்கும். சாதாரண டவ் மரம் பூக்கப் பல ஆண்டு காக்கவைக்கும், இந்த வகை நட்ட இரண்டு மூன்று ஆண்டிலேயே பூத்துவிடும். இலையுதிர் காலத்தில் சாண்ட்ரிங்ஹாம் மண்ணில் நடப்போவதாக அறிவித்தார்கள்.